பார்த்து எழுதுவது வேறு, எழுதுவது வேறு

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. இரண்டாம் வகுப்பில் இருக்கும் மகள் நன்றாக வாசிக்கிறாள், கதைப் புத்தகம் கொடுத்தால் கீழே வைப்பதில்லை. ஆனால் எழுதச் சொன்னால் மட்டும் தண்ணீர் குடிக்கப் போகிறாள், திரும்பத் திரும்பப் பென்சில் சீவுகிறாள், கடைசியில் அழுகிறாள். என்ன செய்வது என்பது முதல் பகுதி. பேசினால் போனே எழுதிக் கொடுத்துவிடுகிற காலத்தில் சின்னப் பிள்ளைகளை இப்படிப் பிழிய வேண்டுமா என்பது இரண்டாவது. கூடவே, வீட்டுப்பாட நோட்டு மட்டும் பக்கம் பக்கமாக அழகாக நிரம்பியிருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசித் தகவல்தான் முக்கியமாகப் படுகிறது.

அந்த நோட்டில் இருப்பதில் பெரும்பகுதி கரும்பலகையிலிருந்தோ பாடப்புத்தகத்திலிருந்தோ பார்த்து எழுதியதாகத்தான் இருக்கும். பார்த்து எழுதும்போது கண் வேலை செய்கிறது, கை வேலை செய்கிறது. என்ன சொல்வது, எந்தச் சொல்லால் சொல்வது, அந்தச் சொல்லுக்குள் என்னென்ன ஒலி இருக்கிறது என்ற மூன்று வேலைகளையும் வேறு யாரோ ஏற்கெனவே முடித்துக் கொடுத்துவிட்டார்கள். தொடக்கப்பள்ளியில் எழுத்து முக்கியம் என்று நான் சொல்வது இந்த மூன்று வேலைகளுக்காக. உங்கள் மகளுக்குப் பழக்கமில்லாததும் இவைதான். அதனால்தான் நோட்டு நிரம்புகிறது, வெற்றுத்தாளைக் கொடுத்தால் அழுகை வருகிறது. 1934-ல் மறைந்த ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி அந்தக் காலத்திலேயே இதைக் குறையாகச் சொல்லியிருக்கிறார்: பிள்ளைகளுக்கு எழுத்துருக்களை வரையவும் அவற்றைச் சேர்த்துச் சொல்லாக்கவும் கற்றுக்கொடுக்கிறோம், எழுத்துமொழியைக் கற்றுக்கொடுப்பதில்லை என்று. இத்தனை வருடம் கழித்தும் பெரும்பாலான வகுப்பறைகளில் நிலைமை அதுதான்.

முதலில் ஒரு சொல்லை எழுதும்போது பிள்ளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். ‘கொக்கு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வாசிக்கும்போது படத்தைப் பார்த்து, முதல் எழுத்தைப் பார்த்து, மீதியை ஊகித்தே ஒரு பிள்ளை ‘கொக்கு’ என்று சொல்லிவிட முடியும். எழுதும்போது ஊகத்துக்கு இடமில்லை. சொல்லை மனதில் மெதுவாகச் சொல்லிப் பார்த்து, க், ஒ, க், க், உ என்று உடைக்க வேண்டும். நடுவில் ஒரு க் புள்ளியோடு நிற்கிறது என்பது காதில் விழ வேண்டும். அதற்குப் பிறகும் தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. காதில் முதலில் விழுவது க். கை முதலில் போட வேண்டியதோ ஒற்றைக்கொம்பு. பிறகு க, அதற்குப் பிறகு கால். ஒலி வருகிற வரிசையும் கை எழுதுகிற வரிசையும் ஒன்றில்லை. கொம்பைப் போடும்போதே பின்னால் ஒரு கால் வரப்போகிறது என்பதை நினைவில் பிடித்து வைத்திருக்க வேண்டும். ஆறேழு வயதுப் பிள்ளை ‘கெக்கு’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், அது கவனக்குறைவு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பாதி வழியில் அந்தக் கால் நினைவிலிருந்து நழுவியிருக்கிறது, அவ்வளவுதான்.

பிள்ளைகள் தாங்களாகக் கேட்டு எழுதும்போது செய்கிற பிழைகளைத் தொடர்ந்து பார்த்தால், அவற்றுக்கு ஓர் ஒழுங்கு இருப்பது தெரியும். சார்லஸ் ரீட் என்ற மொழியியலாளர் 1971-ல் இதை வெளியிட்டார். பள்ளிக்கு வருமுன்பே தாங்களாக ஆங்கிலம் எழுதிப் பார்த்த சின்னப் பிள்ளைகள், மெல்லினம் இன்னொரு மெய்யோடு ஒட்டி வரும் இடத்தில் அந்த மெல்லினத்தையே விட்டுவிடுவதை அவர் கண்டார். ‘பம்ப்’ என்று ஒலிக்கும் சொல்லில் ம் காணாமல் போய்விடும். நம் பிள்ளைகள் ‘தம்பி’யை ‘தபி’ என்று எழுதுவதும் இதே வகைதான். அந்த ம் தனியாக நின்று ஒலிப்பதில்லை, முன்னால் உள்ள உயிரோடு கரைந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு எழுத்து ஏற்கெனவே தெரிந்திருப்பதால் அங்கே ம் கேட்பது போல இருக்கிறது. பிள்ளை தன் காதுக்கு உண்மையாக எழுதியிருக்கிறது.

இப்படிக் கேட்டுத் தானாக எழுதிப் பார்ப்பது வாசிப்பையும் வளர்க்கிறது. கனடாவில் ஜீன் வெலெட், மோனிக் செனெஷால் ஆகிய இருவரும் மழலையர் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளில், தாமே ஒலியைக் கேட்டுச் சொல்லை எழுத முயன்று, அந்த முயற்சி மெல்லத் திருத்தப்பட்ட பிள்ளைகள் வாசிப்பிலும் முன்னேறியதைக் காட்டினார்கள். பிழையாக எழுத விட்டால் பிழையே பதிந்துவிடும் என்று நம்மில் பலர் பயப்படுகிறோம். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. சொல்லை உடைத்து உடைத்து எழுதிப் பார்த்த பிள்ளைக்கு, சரியான எழுத்தைக் காட்டும்போது அது எங்கே போய் உட்காரும் என்று தெரிகிறது. ‘தபி’ என்று எழுதிப் பார்த்தவளிடம் ‘தம்பி’யைக் காட்டினால், அந்த ம்-ஐ அவள் பார்க்கிறாள். பார்த்து எழுதியவள் அதைக் கடந்து போய்விடுகிறாள்.

இனி கை. தட்டச்சுப் பலகை இருக்கும்போது கையால் எழுத வேண்டுமா என்பதற்கு ஓரளவு நேரடியான பதில் இருக்கிறது. 2005-ல் மரீக்கே லோங்காம்ப் என்பவரும் அவருடைய குழுவினரும் பிரான்சில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளில் ஒரு பிரிவுக்கு எழுத்துகளைக் கையால் எழுதவும், இன்னொரு பிரிவுக்கு விசைப்பலகையில் தட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களில் சற்றுப் பெரிய பிள்ளைகளிடம் வித்தியாசம் தெரிந்தது: கையால் எழுதியவர்கள் பிறகு எழுத்துகளை நன்றாக அடையாளம் கண்டார்கள். 2012-ல் அமெரிக்காவில் கரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் இருவரும் இன்னும் வாசிக்கத் தெரியாத 5 வயதுப் பிள்ளைகளை மூளை ஸ்கேன் வழியாகப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் சில எழுத்துகளைத் தாமாக வரைந்து, சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் இழுத்து, சிலவற்றைத் தட்டச்சு செய்து பழகினார்கள். பின்னர் அந்த எழுத்துகளைக் காட்டியபோது, வாசிப்பில் ஈடுபடும் மூளைப் பகுதிகள் தாமாக எழுதிப் பழகிய எழுத்துகளுக்கு மட்டுமே நன்றாக விழித்துக்கொண்டன. தட்டச்சுக்கு அப்படி இல்லை, புள்ளிக்கோட்டுக்கும் இல்லை. சின்ன ஆய்வுதான், பதினைந்தே பிள்ளைகள். இதை வைத்து மேடைபோட்டுப் பேசக் கூடாது. ஆனாலும் புள்ளிக்கோட்டுப் புத்தகங்களை அடுக்கடுக்காக வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் அந்தக் கடைசி விவரத்தை ஒருமுறை யோசிக்கலாம்.

காரணமாகச் சொல்லப்படுவது இது. பிள்ளை கையால் எழுதும் ஒவ்வொரு ‘ண’-வும் வேறு மாதிரி இருக்கும். ஒன்று குண்டு, ஒன்று சாய்வு, ஒன்று வரியைத் தாண்டி விழுந்தது. இத்தனை வேறுபாட்டுக்குள்ளும் மூன்று சுழி இருந்தால் அது ண, இரண்டு சுழி இருந்தால் ன என்று கை எண்ணிப் பழகுகிறது. எது மாறலாம், எது மாறக் கூடாது என்று கண்ணுக்குப் பிடிபடுகிறது. தட்டச்சில் எல்லா ‘ண’-வும் ஒரே அச்சு. விரலுக்கோ ண, ன, ந எல்லாம் ஒரே மாதிரி ஒரு தட்டு.

இங்கே ஒரு வதந்தியையும் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இந்த விவாதத்தில் யாராவது கண்டிப்பாக இதைச் சொல்வார்கள். பின்லாந்து கையெழுத்தையே ஒழித்துவிட்டது என்பது உண்மையில்லை. 2016-ல் அங்கே கட்டாயம் என்ற நிலையிலிருந்து நீக்கப்பட்டது எழுத்துகளைக் கோத்து எழுதும் கூட்டெழுத்து மட்டும்தான். தனித்தனி எழுத்தாகக் கையால் எழுதுவது தொடர்கிறது, கூடவே தட்டச்சும் வந்தது. ஸ்வீடனோ 2023-ல் திரையைக் குறைத்து அச்சுப் புத்தகத்துக்கும் கையெழுத்துக்கும் மீண்டும் முக்கியத்துவம் கொடுக்கத் தொடங்கியது.

சரி, கையெழுத்து முக்கியம் என்றால் அழகான கையெழுத்து என்று அர்த்தமா? இல்லை. முத்து முத்தாக எழுதுவது நல்ல விஷயம்தான், ஆனால் அதற்காக இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. தேவையானது கை யோசிக்காமல் ஓடுவது. பெரியவர்களான நாம் ‘நேற்று’ என்று எழுதும்போது ற் எப்படிப் போடுவது என்று யோசிப்பதில்லை. பிள்ளை யோசிக்கிறது. ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளக்கூடிய விஷயங்களுக்கு எல்லோருக்கும் ஓர் அளவு உண்டு, சின்னப் பிள்ளைக்கு அது இன்னும் குறைவு. எழுத்துருவை நினைவுக்குக் கொண்டுவருவதிலேயே அந்த இடம் முழுக்கச் செலவானால், சொல்ல வந்த வாக்கியம் ஆவியாகிவிடும். நாய் துரத்திய கதையை வாயால் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிற அதே பிள்ளை, தாளில் ‘நாய் வந்தது. ஓடினேன்.’ என்று எழுதிவிட்டு முடித்துக்கொள்வது இதனால்தான். கற்பனை இல்லை, சோம்பல், ஆர்வமில்லை என்று வைக்கப்படும் பெயர்களில் பாதி, கை இன்னும் ஓடப் பழகாததற்கு வைத்த பெயர்கள். ஸ்டீவ் கிரகாம், கேரன் ஹாரிஸ் குழுவினர் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், கையெழுத்தில் தடுமாறிய முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிறிது சிறிதாகக் கூடுதல் கையெழுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். கையெழுத்து மட்டுமல்லாமல், அவர்கள் வாக்கியம் அமைப்பதும் எழுதும் வேகமும் முன்னேறின.

அதனால் கைக்குத் தனியாக ஒரு சின்ன நேரம், சொந்தமாக எழுதுவதற்குத் தனியாக ஒரு நேரம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும். கைப்பயிற்சியில் எந்த எழுத்து எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் வளைகிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். முடித்த எழுத்தை மட்டும் பார்த்தால் பிள்ளை அதைக் கீழிருந்து மேலே வரைந்ததா என்று தெரியாது. எழுத்துகளை அகரவரிசையில்தான் எழுதிப் பழக வேண்டும் என்றும் இல்லை. அ, இ இரண்டும் கைக்குக் கடினமானவை. ட, ப, ம மூன்றும் நேர்கோடும் ஒரு வளைவும்தான். இந்த மூன்றையும் புள்ளியையும் தெரிந்துகொண்ட பிள்ளை படம், பட்டம், மடம், மட்டம் என்று நாலு சொல் எழுதிவிடும். முதல் நாட்களிலேயே ஒரு முழுச் சொல்லை எழுதிவிட்ட பிள்ளையின் முகம், முப்பது முறை ‘அ’ போட்ட பிள்ளையின் முகத்தைப் போல இருக்காது.

பென்சில் பிடிக்கும் விதம் பற்றிப் பெற்றோர் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாக இறுகிக்கொண்டு வந்து, கடைசி எலும்பு இறுகத் தொடங்கவே எட்டு வயதோ அதற்கு மேலோ ஆகிவிடும். மூன்று நான்கு வயதில் பக்கம் பக்கமாக எழுத வைப்பதை நான் எதிர்ப்பதற்கு இது ஒரு காரணம். அந்த வயதுக்குக் களிமண் பிசைவதும், மணி கோப்பதும், காகிதம் கிழிப்பதும், கிறுக்குவதும் போதும்; அவையே கைக்குப் பயிற்சி. 2012-ல் கனடாவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான்கு விதமான பென்சில் பிடிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, எழுத்தின் தெளிவிலோ வேகத்திலோ வித்தியாசம் தெரியவில்லை. பிடி கொஞ்சம் வேறாக இருந்தாலும் வலி இல்லாமல், தாள் கிழியாமல் எழுதினால் விட்டுவிடுங்கள். இடக்கைப் பிள்ளையாக இருந்தால் (பத்தில் ஒரு பிள்ளை அப்படித்தான்) கையை மாற்றச் சொல்லாதீர்கள். தாளை உடம்புக்குச் சற்று இடப்பக்கம் நகர்த்தி, அதன் மேல்பக்கம் வலப்புறம் சாயும்படி வைத்து, பென்சிலை நுனியிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொன்னால் போதும். எழுதியது கைக்கு அடியில் மறைவதும் மை தீற்றுவதும் குறையும்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மழை பற்றித் தானாக எழுதியது இது:

‘நேத்து மள பேஞ்சுது. நானு தபியு நனஞ்சோம். அம்மா திட்டல. அம்மாவு நனஞ்சாங்க.’

சிவப்புப் பேனாவை எடுத்தால் வரிக்கு வரி வட்டம் போடலாம். நேற்று, மழை, பெய்தது, நானும், தம்பியும், நனைந்தோம், திட்டவில்லை, அம்மாவும். பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் படித்தால் வேறு சிலது தெரியும். மழையில் நனைந்தோம் என்று சொன்ன உடனே, படிப்பவர் மனதில் ‘அம்மா திட்டியிருப்பாங்களே’ என்ற எண்ணம் வரும் என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த எண்ணத்துக்குப் பதிலாக ‘அம்மா திட்டல’ என்கிறாள். ஏன் திட்டவில்லை என்ற கேள்வி அடுத்து வரும் என்றும் தெரிந்திருக்கிறது. காரணத்தைக் கடைசி வரிக்கு வைத்திருந்து சொல்கிறாள். எதிரில் இல்லாத ஒருவரின் மனதில் என்ன ஓடும் என்று ஏழு வயதில் கணக்கிட்டிருக்கிறாள். பேசும்போது இந்தக் கணக்குத் தேவைப்படுவதில்லை. எதிரில் இருப்பவரே ‘அப்புறம்?’ என்பார், ‘திட்டலையா?’ என்பார். எழுத்தில் அந்த ‘அப்புறம்’-ஐயும் எழுதுபவரே போட்டுக்கொள்ள வேண்டும். எழுதுவதால் சிந்தனை வளர்கிறது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்கிறோமே, அது கண்ணுக்குத் தெரிகிற இடம் இந்த நாலு வரி.

பிழைகளையும் பாருங்கள். ‘நானு’, ‘தபியு’, ‘அம்மாவு’ என்று மூன்று இடத்திலும் கடைசி ம் விடுபட்டிருக்கிறது. நம் பேச்சில் சொல்லின் கடைசி ம் மூக்கொலியாகத் தேய்ந்துவிடுகிறது. ‘நானும்’ என்று நாம் பேசும்போது உதடு முழுவதும் மூடுவதில்லை, சொல்லிப் பாருங்கள். அவள் கேட்டதை எழுதியிருக்கிறாள். ஆக இது மூன்று பிழை இல்லை, ஒரே பிழை மூன்று முறை. ‘மள’-வில் ழ-வும் ள-வும் அவளைச் சுற்றியுள்ளவர்களின் பேச்சிலேயே ஒன்றாகக் கலந்திருக்கலாம். அப்படியானால் காது உதவாது, கண்தான் பழக வேண்டும். ‘பேஞ்சுது’, ‘நனஞ்சோம்’, ‘திட்டல’ இவையெல்லாம் பிழையே இல்லை, பேச்சுத் தமிழ்.

இதுதான் தமிழ் எழுதக் கற்கும் பிள்ளையின் கூடுதல் சுமை. வாயில் ஒரு தமிழ், தாளில் இன்னொரு தமிழ். ‘நனஞ்சோம்’ என்று நினைத்து, ‘நனைந்தோம்’ என்று மாற்றி, பிறகு அதை ஒலியாக உடைத்து, பிறகு எழுத்தாகப் போட வேண்டும். முதல் நாளிலிருந்தே எழுத்துத் தமிழில்தான் எழுத வேண்டும் என்றால், பல பிள்ளைகள் மிகவும் புத்திசாலித்தனமான ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: தெரிந்ததைச் சொல்வதைவிடத் தெரிந்த வாக்கியத்தைச் சொல்வதே பாதுகாப்பு. ‘பசு ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்கள் உண்டு.’ பிழையே இருக்காது, முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். எந்தப் பசுவையும் நேரில் பார்க்காமலே அதை எழுதிவிடலாம். இந்தக் கட்டுரைகளை மனப்பாடமாக ஒப்பிப்பதை எழுத்துத்திறன் என்று கணக்கு வைப்பதுதான் எனக்கு எரிச்சலூட்டும் விஷயம்.

முதல் இரண்டு வகுப்புகளில் சொந்தமாக எழுதும்போது பேச்சுத் தமிழை அப்படியே விடலாம் என்பது என் நிலைப்பாடு. இதை ஏற்காத ஆசிரியர்கள் நிறைய உண்டு, பேச்சே பழகிவிடும் என்பார்கள். வாசிக்கிற பிள்ளைக்கு அப்படி ஆவதில்லை. கதைப் புத்தகங்களில் ‘பெய்தது’, ‘நனைந்தார்கள்’ என்று திரும்பத் திரும்பக் கண்ணில் படும்போது, இரண்டு தமிழும் தனித்தனி என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். மூன்றாம் வகுப்பு வாக்கில் ‘நாம் இப்படிப் பேசுகிறோம், புத்தகம் இப்படிச் சொல்கிறது’ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், மாற்றி எழுதுவதே ஒரு விளையாட்டாகிவிடும். கதையில் பாத்திரங்கள் பேசும் இடத்தில் பேச்சுத் தமிழையே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் பிள்ளைகளுக்குத் தனிக் குஷி. உங்கள் மகள் நிறைய வாசிக்கிறவள் என்பதால் எழுத்துத் தமிழ் ஏற்கெனவே அவள் காதுக்குள் இருக்கிறது. அதுவே அவளைத் தடுத்துக்கொண்டும் இருக்கலாம்: புத்தகத்தில் உள்ளது போல வரவில்லையே என்ற எண்ணம் வாசிக்கும் பிள்ளைகளுக்குத்தான் அதிகம்.

அந்த மழைக் குறிப்பைத் திருத்துவது எப்படி? முதலில் பதில் எழுத வேண்டும். ‘அம்மாவும் நனைந்தார்களா! குடை இல்லையா? இங்கேயும் நல்ல மழை.’ இப்படி அவள் தாளுக்குக் கீழேயே எழுதிக் கொடுத்தால், அவள் ஆர்வமாகப் படிக்கும் மூன்று வரிக்குள் அம்மாவும், நனைந்தார்களா, மழை என்று மூன்று சொற்கள் சரியான வடிவில் போய்விட்டன. அடுத்த நாள் பதில் எழுதும்போது ‘மழை’யை அங்கிருந்து எடுத்துக்கொள்வாள். பிறகு ஒரே ஒரு விஷயத்தை எடுத்துப் பேசலாம். நானாக இருந்தால் அந்தக் கடைசி ம்-ஐ எடுப்பேன், ஏனென்றால் அது ஒன்றைப் பிடித்தால் மூன்று இடம் சரியாகிறது. ழ-வை இன்னொரு வாரம் பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் வட்டமிட்டால் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றைத்தான்: அடுத்த முறை குறைவாக எழுதினால் குறைவான வட்டம்.

இம்போசிஷன் பற்றி ஒரு வார்த்தை. பேசியதற்கும் தாமதமாக வந்ததற்கும் ஐம்பது முறை எழுது என்பது, எழுதுவது என்றாலே தண்டனை என்று சொல்லிக்கொடுப்பது. பிழையான சொல்லைப் பத்து முறை எழுது என்பதும் பெரிதாக உதவுவதில்லை. மூன்றாவது முறைக்குமேல் பிள்ளை சொல்லை எழுதுவதில்லை. முதலில் பத்து ‘ம’, பிறகு அதன் பக்கத்தில் பத்து ‘ழை’ என்று மேலிருந்து கீழே வரிசையாக இறக்கிக்கொண்டு போகிறது. எந்த இரட்டைக்கோடு நோட்டையும் திறந்து பாருங்கள். அதற்குப் பதில் சொல்லை ஒருமுறை பார்த்து, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதி, திறந்து சரிபார்ப்பது எவ்வளவோ மேல். பார்த்து எழுதுவதையும் இந்த முறையில் மாற்றிவிடலாம்: எழுத்து எழுத்தாகப் பார்க்காமல், ஒரு முழு வாக்கியத்தைப் படித்து, புத்தகத்தைத் திருப்பி வைத்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். பள்ளி கொடுக்கும் வேலையை மாற்ற நம்மால் முடியாவிட்டாலும், அதைச் செய்யும் விதத்தை வீட்டில் மாற்றலாம்.

எவ்வளவு நேரம் எழுத வேண்டும்? அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு 2012-ல் ஆசிரியர்களுக்கு வெளியிட்ட வழிகாட்டி, மழலையர் வகுப்பில் நாளுக்கு அரை மணி, முதல் வகுப்பிலிருந்து ஒரு மணி நேரம் என்கிறது. கேட்டதும் பயப்பட வேண்டாம். கற்றுக்கொடுக்கும் நேரமும் அதில் அடக்கம், அறிவியல், சமூகப் பாடங்களில் எழுதுவதும் அதில் சேரும். வீட்டில் பத்து நிமிடம் தாராளம். படித்ததைப் பற்றி எழுதுவதற்குத் தனி மதிப்பு உண்டு. கிரகாமும் மைக்கேல் ஹெபர்ட்டும் 2010-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, படித்ததைப் பற்றி எழுதும் மாணவர்கள் அதை நன்றாகப் புரிந்துகொள்வதைக் கண்டார்கள். வாசிப்பில் திளைக்கிற உங்கள் மகளுக்கு இது தோதான வழி. ‘கதைச் சுருக்கம் எழுது’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதுவும் வீட்டுப்பாடமாகிவிடும். கதையில் வரும் ஆளுக்கு ஒரு சீட்டு எழுதச் சொல்லலாம். முடிவு பிடிக்கவில்லை என்று புலம்பினால், ‘வேறு எப்படி முடிந்திருக்கலாம், இரண்டு வரி எழுது’ என்று கேட்கலாம்.

வீட்டில் உண்மையிலேயே எழுத வேண்டிய காரணங்கள் நிறைய இருக்கின்றன, நாம்தான் அவற்றைப் பிள்ளையிடம் கொடுப்பதில்லை. வாங்க வேண்டியவற்றின் பட்டியல், கதவில் ஒட்டும் ‘உள்ளே வராதே’ அறிவிப்பு, வரைந்த படத்துக்குக் கீழே ஒரு வரி, தாத்தாவுக்கு ஒரு கடிதம், தம்பி மேல் ஒரு புகார். புகார் எழுதுவதில் பிள்ளைகளுக்கு வரும் வேகம் வேறு எதிலும் வராது. காரணம், தேதி, சாட்சி எல்லாம் தானாக வரும். படம் வரைவதையும் நேரவிரயம் என்று நினைக்காதீர்கள். வரைந்துகொண்டே அதைப் பற்றிப் பேசும் பிள்ளை, எழுத வேண்டியதை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறது. முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்குப் படத்தை முதலில் வரைய விட்டால், பக்கத்தில் எழுதுவதும் நீளும்.

போன் பற்றிய கேள்விக்கு வருகிறேன். பேசினால் எழுதித் தரும் வசதி, எழுதத் தெரிந்தவர்களுக்கு நல்ல வசதி. அது எழுத்தை மட்டும்தான் போட்டுத் தரும். எதை முதலில் சொல்வது, எதைக் கடைசி வரிக்கு வைப்பது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். ‘அம்மா திட்டல’ என்ற வரி எந்த இடத்தில் வர வேண்டும் என்று அதற்குத் தெரியாது. எழுதித் தந்ததில் பிழை இருக்கிறதா என்று பார்க்கவும் எழுத்து தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அதை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லமாட்டேன். கை ஓடாத பிள்ளை கதையை முதலில் போனில் சொல்லிப் பதிவு செய்துகொண்டு, அதைக் கேட்டுக் கேட்டு இரண்டு மூன்று வரி எழுதட்டும். என்ன சொல்வது என்பதை முதலில் முடித்துவிட்டால், கை தன் வேலையை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். போன் இல்லாமலும் இதைச் செய்யலாம்: அவள் சொல்லச் சொல்ல முதல் நாலு வரியை நீங்கள் எழுதுங்கள், ஐந்தாவது வரியை அவள் எழுதட்டும். நாள் போகப்போக உங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

கடைசியாக, எப்போது கவலைப்பட வேண்டும் என்பது. எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போடுவது ஏழு வயது வரை பல பிள்ளைகளிடம் இருக்கும், தானாகப் போய்விடும். எட்டு வயதுக்கு மேலும் அது அடிக்கடி வந்தால், கொஞ்சம் எழுதியதுமே கை வலிக்கிறது என்றால், வாயால் சரளமாகச் சொல்வதற்கும் தாளில் வருவதற்கும் உள்ள இடைவெளி மாதக்கணக்கில் குறையவே இல்லை என்றால், ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதினால், அது பயிற்சிக் குறைவாக மட்டும் இருக்காது. எழுத்தில் தனிச் சிரமம் தரும் டிஸ்கிராபியா என்ற நிலை இருக்கலாம், கை அசைவிலோ பார்வையிலோ சிக்கல் இருக்கலாம். முதலில் கண் பரிசோதனை, பிறகு குழந்தைகள் மருத்துவர், அவர் வழியாகக் கை அசைவு போன்ற அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) அல்லது கற்றல் குறைபாடுகளைப் பார்க்கும் நிபுணர். போகும்போது அழகான வீட்டுப்பாட நோட்டை எடுத்துப் போகாதீர்கள், அதில் ஒன்றும் தெரியாது. அவளே தானாக எழுதிய தாள்களை இப்போதிலிருந்தே தேதி போட்டு ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். அடித்துத் திருத்தியது, பாதியில் விட்டது, கசக்கிப் போட்டதை நீவி எடுத்தது எல்லாம் இருக்கட்டும். அவர்கள் முதலில் கேட்பது அவற்றைத்தான்.